மகளைத் தனியே யாரும் கேட்கவில்லை: ஜிப்ஸி ரோஸ் பிளான்சர்ட் வழக்கு

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் உள்ள ஸ்பிரிங்ஃபீல்டு நகரம், 2007ஆம் ஆண்டு. குழந்தை நரம்பியல் மருத்துவர் பெர்னார்டோ ஃபிளாஸ்டர்ஸ்டைனிடம் சக்கர நாற்காலியில் ஒரு சிறுமியை அழைத்து வந்தார் அவளுடைய தாய். நோய்ப் பட்டியலைத் தாயே சொன்னார். தசைச் சிதைவு, வலிப்பு, ஆஸ்துமா, கண்ணிலும் காதிலும் குறை, முன்பு ரத்தப் புற்றுநோய், வயதுக்கேற்ற மனவளர்ச்சி இல்லை. மருத்துவர் அந்தச் சிறுமியை எழுந்து நிற்கச் சொன்னார். நின்றாள். தன் எடையைத் தன் கால்களாலேயே தாங்கினாள். எம்.ஆர்.ஐ. எடுத்தார், ரத்தம் எடுத்துப் பார்த்தார். எதிலும் கோளாறு தெரியவில்லை. இவள் நடக்காமல் இருக்க ஒரு காரணமும் இல்லையே என்று தாயிடமே சொன்னார்.

அதோடு விடாமல், நியூ ஆர்லியன்ஸில் அவளை முன்பு பார்த்த மருத்துவரைத் தேடிப் பிடித்தும் பேசினார். தசைச் சிதைவு இருக்கிறதா என்று அங்கே திசு எடுத்துச் சோதித்திருந்தார்கள். இல்லை என்றுதான் முடிவு வந்திருந்தது. தாய் சொல்லும் நோய் வரலாற்றை நம்ப முடியவில்லை என்று ஃபிளாஸ்டர்ஸ்டைன் தன் குறிப்பில் எழுதினார். இது முன்சாசன் பை பிராக்சியாக, அதாவது பெற்றவளே பிள்ளையை நோயாளியாகக் காட்டும் நிலையாக இருக்கலாம் என்றும் எழுதினார். சிறுமியின் வழக்கமான மருத்துவருக்கும் தெரிவித்தார்.

அப்புறம் ஒன்றும் நடக்கவில்லை. தாய் அவரிடம் வருவதை நிறுத்திக்கொண்டார். அவரும் குழந்தைகள் பாதுகாப்புத் துறைக்குப் புகார் அனுப்பவில்லை. கையில் போதிய ஆதாரம் இல்லை, சொன்னாலும் நம்ப மாட்டார்கள் என்று நினைத்ததாகப் பின்னாளில் சொன்னார். இந்தத் தாயையும் மகளையும் பூப்போலக் கையாளுங்கள் என்று சக மருத்துவர்கள் அவரிடம் சொல்லியிருந்தார்களாம்.

எட்டு ஆண்டுகள் கழித்து, 2015 ஜூனில், அந்தத் தாய் தன் படுக்கையில் குத்திக் கொல்லப்பட்டுக் கிடந்தார். நடக்கவே முடியாது என்று ஊரே நம்பிய மகள், காதலனோடு வேறு மாநிலத்துக்குப் பேருந்தில் போயிருந்தாள்.

டீ டீ என்று எல்லோரும் அழைத்த கிளாடின் பிளான்சர்ட், அவர் மகள் ஜிப்ஸி ரோஸ். இவர்களின் கதையைப் பல பேர் பலவிதமாகச் சொல்லிவிட்டார்கள். பெரும்பாலும் கொலையில் தொடங்கி, தாய் எவ்வளவு சாமர்த்தியமாகப் பொய் சொன்னார் என்று வியந்து முடிப்பார்கள். எனக்கு அந்த வியப்பில் உடன்பாடு இல்லை. டீ டீயின் பொய்கள் பல இடங்களில் பல்லிளித்தன. அவை இத்தனை ஆண்டுகள் தாக்குப்பிடித்ததற்குக் காரணம் வேறு. மருத்துவமனை, காவல்துறை, தொண்டு நிறுவனம், சொந்தத் தகப்பன் என்று யாராக இருந்தாலும், மகளைப் பற்றிய சேதி அவர்களுக்குத் தாயிடமிருந்து மட்டுமே போய்ச் சேர்ந்தது.

பொய் எப்படித் தழும்பானது

ஜிப்ஸி பிறந்தது 1991 ஜூலை 27 அன்று, லூசியானா மாநிலத்தில். டீ டீக்கு அப்போது வயது 24. தகப்பன் ராட் பிளான்சர்ட் பதின்வயதைத் தாண்டாத பையன். குழந்தை பிறப்பதற்கு முன்பே இருவரும் பிரிந்துவிட்டார்கள். டீ டீ ஒரு காலத்தில் செவிலியர் உதவியாளராக வேலை பார்த்தவர். மருத்துவமனையில் என்ன சொன்னால் என்ன சோதனை செய்வார்கள், எந்த வார்த்தைக்கு மருத்துவரின் முகம் மாறும் என்பதெல்லாம் அவருக்குப் பழக்கமான விஷயம்.

குழந்தைக்கு மூன்று மாதமானபோது, தூக்கத்தில் மூச்சு நின்றுபோகிறது என்று மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனார். இரவு முழுக்கக் கருவி வைத்துக் கண்காணித்தார்கள். ஒன்றும் தென்படவில்லை. அவர் விடவில்லை, மரபணுக் கோளாறு என்றார், அதன்பின் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே போனது. ஏழெட்டு வயதில் தாத்தாவின் மோட்டார் சைக்கிளில் போனபோது ஜிப்ஸி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள். சிராய்ப்புக்கு மருந்து போட்டால் தீர்ந்திருக்கும். டீ டீ அதைப் பெரிய காயமாக்கினார். அந்தக் காலகட்டத்தில் ஏறிய சக்கர நாற்காலியிலிருந்து அவள் ஊரார் பார்க்க இறங்கவே இல்லை. பள்ளிப் படிப்பும் ஆரம்ப வகுப்புகளோடு நின்றது. வீட்டிலேயே சொல்லிக்கொடுப்பதாகத் தாய் சொன்னார்.

பிறகு நடந்தவற்றை எழுதவே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் இந்த ஏமாற்று வேலையின் இயக்கமே அதில்தான் இருக்கிறது. மகளுக்கு எச்சில் ஒழுகுகிறது என்று டீ டீ முறையிட்டார். உண்மையிலேயே ஒழுகியது. மரத்துப்போகச் செய்யும் மருந்தைத் தாய் வாயில் தடவிவிடுவார், அதனால்தான் ஒழுகியது என்று ஜிப்ஸி பின்னாளில் சொல்லியிருக்கிறார். மருத்துவர்கள் முதலில் உமிழ்நீர்ச் சுரப்பிகளில் ஊசி போட்டார்கள், பிறகு அந்தச் சுரப்பிகளையே அகற்றினார்கள். பற்கள் கெட்டு விழுந்தன. சுரப்பி இல்லாமை, மருந்துகள், சத்துக் குறைவு எல்லாமே அதில் சேர்ந்திருக்கலாம். சாப்பிட வாய் இருந்தும் வயிற்றில் குழாய் பொருத்தினார்கள். காதில் குழாய்கள் வைத்தார்கள், கண்ணில் அறுவை செய்தார்கள். இல்லாத வலிப்புக்கு மாத்திரை கொடுத்தார்கள். மருந்தால் எப்படியும் கொட்டிவிடும், முன்னாலேயே எடுத்துவிடலாம் என்று சொல்லித் தலையை மொட்டையடித்தார் தாய். புற்றுநோய்ச் சிறுமியின் தோற்றம் அப்படித்தான் வந்தது.

இப்போது புதிதாக ஒரு மருத்துவர் அவளைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எதிரே இருப்பது வெறும் வாய்ச்சொல் இல்லை. வயிற்றில் குழாய், கழுத்தில் அறுவைத் தழும்பு, பல் போன வாய், மொட்டைத் தலை, மெலிந்த கால்கள். முன்னால் பார்த்த ஒருவர் காரணமில்லாமலா இதையெல்லாம் செய்திருப்பார் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஒவ்வொரு பொய்யும் உடம்பில் ஒரு நிஜமான தழும்பை விட்டுச் சென்றது; அடுத்த மருத்துவர் அந்தத் தழும்பைப் பார்த்து முந்தைய பொய்யை நம்பினார். டீ டீக்கு இதைவிடப் பலமான சாட்சி தேவைப்படவில்லை. அந்தச் சாட்சியை உருவாக்கிக் கொடுத்தவர்கள் மருத்துவர்களே.

மருத்துவர் அறைக்குள் பேசியது எப்போதும் தாய்தான். மகள் ஏதாவது சொல்லத் தொடங்கினால் தாய் அவள் கையை அழுத்துவார். அழுத்தினால் வாயை மூட வேண்டும் என்று அர்த்தம் என்று ஜிப்ஸி சொல்லியிருக்கிறார். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு, நோயாளி மகளின் கையைப் பிடித்துத் தைரியம் சொல்லும் தாயாகத்தான் அது தெரிந்திருக்கும்.

ஆவணங்களை அடித்துப்போன புயல்

2005 ஆகஸ்டில் கத்ரினா புயல் லூசியானாவைச் சூறையாடியபோது தாயும் மகளும் நியூ ஆர்லியன்ஸுக்குப் பக்கத்தில் ஸ்லைடெல் என்ற ஊரில் இருந்தார்கள். வீடு போயிற்று, சிறப்புத் தேவை உள்ளவர்களுக்கான முகாமுக்குப் போனார்கள். மருத்துவ ஆவணங்கள் எல்லாம் வெள்ளத்தில் போய்விட்டன என்று டீ டீ சொன்னதை யார் சந்தேகிப்பார்கள்? ஊரே அப்படித்தான் கிடந்தது. முகாமில் இருந்த ஒரு மருத்துவரின் யோசனைப்படி அந்த ஆண்டு செப்டம்பரில் விமானத்தில் மிசூரிக்குக் கொண்டுபோகப்பட்டார்கள்.

அங்கே அவர்களுக்கு எல்லாம் கிடைத்தது. 2008ல் ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டி அமைப்பு ஸ்பிரிங்ஃபீல்டில் அவர்களுக்கு ஒரு வீடு கட்டிக்கொடுத்தது. இளஞ்சிவப்பு வண்ணம், சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம், வெந்நீர்த் தொட்டி. குழாய்வழி உணவு பெறுவோருக்காக இயங்கும் ஓலி அறக்கட்டளை 2007ல் ஜிப்ஸியை அந்த ஆண்டின் சிறந்த குழந்தையாகக் கௌரவித்தது. டிஸ்னி உலகத்துக்கு இலவசப் பயணங்கள், மருத்துவமனைக்குப் போக இலவச விமானம், தங்க இலவச இடம். அக்கம்பக்கத்தாருக்கு டீ டீ பொறுமையின் வடிவம். தன் வாழ்க்கையையே மகளுக்காகக் கரைத்துக்கொண்டவர்.

அப்படியானால் எல்லாம் பணத்துக்காகவா? இந்தக் கேள்வி வழக்கு வெளியான நாளிலிருந்து இருக்கிறது. நன்கொடை வந்தது உண்மை. ஆனால் பணம் மட்டும் வேண்டுமென்றால் சக்கர நாற்காலியும் மொட்டைத் தலையும் போதும். பிள்ளையின் சுரப்பியை அறுத்தெடுக்கும் அளவுக்குப் போகத் தேவையில்லை. 2013ல் வெளிவந்த அமெரிக்க மனநல வகைப்பாட்டு நூலின் ஐந்தாம் பதிப்பு இந்த நிலையைப் பிறர்மீது சுமத்தப்படும் போலிநோய்க் கோளாறு என்ற பொருளில் குறிப்பிடுகிறது. வெளிப்படையான ஆதாயம் எதுவும் இல்லாவிட்டாலும் ஏமாற்று தொடர்வதுதான் அங்கே முக்கிய அடையாளம். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். டீ டீயை எந்த மனநல மருத்துவரும் உட்காரவைத்துப் பரிசோதித்ததில்லை. அவருக்கு இந்தக் கோளாறு இருந்தது என்பது அவர் இறந்த பிறகு மற்றவர்கள் செய்த ஊகம். பலமான ஊகம், ஆனாலும் ஊகம்.

லீட்ஸில் செய்ததும் ஸ்பிரிங்ஃபீல்டில் செய்யாததும்

முன்சாசன் என்ற பெயரை 1951ல் லான்செட் மருத்துவ இதழில் அறிமுகப்படுத்தியவர் ரிச்சர்ட் ஆஷர். தனக்கே நோய் இருப்பதாகக் கதை கட்டி மருத்துவமனை மருத்துவமனையாக அலைபவர்களைப் பற்றி அவர் எழுதினார். பிள்ளையை வைத்து இதைச் செய்யும் பெற்றோரைப் பற்றி அதே இதழில் 1977ல் எழுதியவர் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக் குழந்தை மருத்துவர் ராய் மெடோ. அவர் விவரித்த முதல் குழந்தை ஆறு வயதுச் சிறுமி. சிறுநீரில் ரத்தம் வருகிறது என்று பல மருத்துவமனைகளுக்கு அவளைக் கொண்டுபோயிருந்தார்கள். மயக்க மருந்து கொடுத்தும் சோதித்திருந்தார்கள். ஒருவருக்கும் பிடிபடவில்லை.

மெடோவின் குழு செய்தது எளிமையான காரியம். தாய் அருகில் இருக்கும்போது எடுத்த சிறுநீரையும் இல்லாதபோது எடுத்த சிறுநீரையும் ஒப்பிட்டார்கள். தாய் இல்லாதபோது எடுத்தது சுத்தமாக இருந்தது. தாய்தான் கலப்படம் செய்திருக்கிறார்.

பிள்ளையையும் பெற்றவரையும் கொஞ்ச நேரம் பிரித்துப் பார்ப்பது என்ற வழி 1977லேயே அச்சில் வந்துவிட்டது. ஃபிளாஸ்டர்ஸ்டைன் பழைய மருத்துவரை நேரடியாகத் தொடர்புகொண்டது மிகச் சரியான காரியம், பலரும் செய்யாதது. ஆவணமெல்லாம் போய்விட்டது என்று தாய் சொன்னதையும் மீறி ஓர் உண்மை நியூ ஆர்லியன்ஸில் பத்திரமாக இருந்ததே, அதை அவர் கண்டுபிடித்தாரே. ஆனால் சந்தேகத்தைக் குறிப்பில் எழுதியதோடு நின்றுவிட்டது. அமெரிக்காவில் குழந்தை துன்புறுத்தப்படுவதாக நியாயமான சந்தேகம் வந்தாலே மருத்துவர் தெரிவித்தாக வேண்டும்; நிரூபிக்க வேண்டியது அவர் வேலை இல்லை. ஆதாரம் போதவில்லை என்ற அவருடைய காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. சந்தேகமே வராத மற்ற மருத்துவர்களைவிட அவர் மேல்தான் என்பதையும் மறுக்க முடியவில்லை.

அதே சமயம், சந்தேகப்படுவது எவ்வளவு ஆபத்தான காரியம் என்பதற்கும் ராய் மெடோவின் வாழ்க்கையே சாட்சி. இங்கிலாந்தில் இரண்டு கைக்குழந்தைகளைப் பறிகொடுத்த சாலி கிளார்க் என்ற வழக்கறிஞர், அவர்களைக் கொன்றதாக 1999ல் தண்டிக்கப்பட்டார். ஒரே குடும்பத்தில் இப்படி இரண்டு இயற்கை மரணங்கள் நேர 7 கோடியே 30 லட்சத்தில் ஒரு வாய்ப்புதான் என்று நீதிமன்றத்தில் சொன்னவர் மெடோ. அந்தக் கணக்கு தவறு. 2003ல் சாலி கிளார்க் விடுவிக்கப்பட்டார். 2007ல் இறந்தும் போனார். தாயைச் சந்தேகிக்கும் மருத்துவர் தவறினால் அந்தத் தாய்க்கு மிஞ்சுவது இதுதான். அதனால் தாயின் முகத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. லீட்ஸில் 1977ல் செய்த மாதிரி, பிரித்து வைத்துப் பார்த்து, கையில் கிடைப்பதை வைத்துப் பேச வேண்டும். ஜிப்ஸி விஷயத்தில் அந்தச் சோதனைக்கு மருத்துவக் கருவிகூடத் தேவையில்லை. தாயை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவளிடம் பேச்சுக் கொடுத்திருந்தால் போதும். உடனே உண்மையைச் சொல்லியிருப்பாள் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் மனவளர்ச்சி ஏழு வயதுக்குரியது என்ற பொய்யாவது அந்த அறையிலேயே ஆட்டம் கண்டிருக்கும்.

திருடப்பட்ட வயது

டீ டீ செய்தவற்றில் எல்லோரும் அறுவை சிகிச்சைகளைத்தான் அதிகம் பேசுகிறார்கள். எனக்கு அதைவிடக் கொடுமையாகத் தெரிவது வயதை மாற்றியது. 1991ல் பிறந்தவளை 1995ல் பிறந்தவளாக்கினார். மகளுக்கே அவள் வயது தெரியாது. 2015ல் கைதானபோது 23 வயது. தனக்கு 19 என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

2009 ஜூலையில் மகளின் பதினெட்டாவது பிறந்தநாளுக்கு ராட் தொலைபேசியில் அழைத்தார். வயதைப் பற்றிப் பேசாதீர்கள், அவள் தன்னை 14 என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள், குழப்பமாகிவிடும் என்றார் டீ டீ. மனவளர்ச்சி குன்றிய பெண்தானே என்று அவரும் விட்டுவிட்டார். மாதம் 1,200 டாலர் அவர் அனுப்பிக்கொண்டிருந்தார், பதினெட்டு தாண்டியும் நிறுத்தவில்லை. ஸ்பிரிங்ஃபீல்டிலோ, குடித்துவிட்டு அடிப்பவன், நோயாளி மகளைத் திரும்பிக்கூடப் பார்க்காதவன், காசு அனுப்பாதவன் என்று அவரைப் பற்றி டீ டீ சொல்லி வைத்திருந்தார். லூசியானாவில் ஒரு கதை, மிசூரியில் ஒரு கதை. இரண்டையும் கேட்டவர்கள் ஒருவரையொருவர் சந்திக்காதவரை இரண்டுக்கும் ஆயுள் உண்டு.

அதே 2009ல் பெயர் சொல்லாத ஒருவர் காவல்துறைக்குத் தகவல் கொடுத்தார். அந்தப் பெண்ணுக்குச் சொல்லப்படும் நோயெல்லாம் இருப்பதாகத் தெரியவில்லை, தாய் பெயரை வெவ்வேறு எழுத்துக்கூட்டலில் எழுதுகிறார், வெவ்வேறு பிறந்த தேதிகளைப் பயன்படுத்துகிறார் என்று. காவலர்கள் வீட்டுக்குப் போனார்கள். அடித்துக் கொடுமைப்படுத்திய முன்னாள் கணவனிடமிருந்து ஒளிந்துகொள்ளத்தான் பெயரையும் தேதியையும் மாற்றினேன் என்றார் டீ டீ. சரி என்று கிளம்பிவிட்டார்கள். அந்த முன்னாள் கணவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போயிருந்தால் பிறந்த வருடம் அங்கேயே வெளிவந்திருக்கும். அவள் அப்போது சட்டப்படி வயதுவந்த பெண். கதவைத் திறந்துகொண்டு போக அவளுக்கு உரிமை இருந்தது. அது அவளுக்குத் தெரியாது, காவலர்களுக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் அவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

மகள் கற்றுக்கொண்டது

தன்னால் நடக்க முடியும் என்பது ஜிப்ஸிக்கு எப்போதும் தெரியும். ரத்தப் புற்றுநோய் பற்றியெல்லாம் தாய் சொன்னதை நம்பியதாகச் சொல்லியிருக்கிறார்; கால் விஷயத்தில் நம்ப முடியாதே. ஆக, ஊரை ஏமாற்றுவதில் அவளும் ஒரு பங்கு வகித்தாள், ஆனால் யார் எதற்காக ஏமாற்றுகிறார்கள் என்பது அவளுக்குப் பாதிதான் தெரியும். இந்த இரட்டை நிலையைப் புரிந்துகொள்ளாமல் அவளைப் பாவம் குழந்தை என்றோ கைதேர்ந்த பொய்க்காரி என்றோ ஒரே வார்த்தையில் அடைப்பவர்கள் அவசரப்படுகிறார்கள் என்று நினைக்கிறேன். பிறந்ததிலிருந்து அவள் பார்த்த உலகத்தில் காரியம் நடக்க ஒரே வழி பொய்தான். அந்த வழியைத்தான் அவள் பிறகு தாயின் மேலேயே பிரயோகித்தாள்.

2011ல் ஒரு விழாவில் பழக்கமான ஓர் ஆணோடு ஓடிப்போகப் பார்த்தாள். டீ டீ தேடிக் கண்டுபிடித்து, இவள் மைனர் என்று காகிதம் காட்டி மீட்டு வந்தார். கணினியைச் சுத்தியால் உடைத்ததாகவும், தன்னைக் கட்டிலில் கட்டிப்போட்டதாகவும் ஜிப்ஸி பின்னால் சொன்னார். திருடப்பட்ட வயது எதற்குப் பயன்பட்டது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சம்பவம் வேறில்லை. இருபதை நெருங்கும் பெண்ணை ஒரு துண்டுக் காகிதம் மறுபடியும் குழந்தையாக்கி வீட்டுக்குள் தள்ளியது.

அடுத்த ஆண்டு வாக்கில் ஒரு கிறிஸ்தவ டேட்டிங் தளத்தில் விஸ்கான்சின் மாநிலம் பிக் பெண்ட் என்ற ஊரைச் சேர்ந்த நிக்கோலஸ் கோடிஜான் அறிமுகமானார். தாய் தூங்கிய பிறகு இணையத்தில் பேச்சு. பக்கத்து வீட்டுத் தோழி ஒருத்திக்கு மட்டும் இதைச் சொல்லியிருந்தாள். 2015 மார்ச்சில் ஸ்பிரிங்ஃபீல்டு திரையரங்கு ஒன்றில் தற்செயலாகச் சந்திப்பதுபோல் அவரைத் தாய்க்கு அறிமுகப்படுத்தத் திட்டமிட்டாள். தாய்க்குப் பிடித்துப்போனால் கல்யாணம் வரை போகலாம் என்ற நினைப்பு. டீ டீக்குப் பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு இருவரின் குறுஞ்செய்திகளும் வேறு திட்டத்தைப் பேசின.

ஜூன் 9ஆம் தேதி இரவு டீ டீ தூங்கிய பிறகு ஜிப்ஸி கதவைத் திறந்துவிட்டாள். கோடிஜான் உள்ளே வந்து அவரைப் பலமுறை கத்தியால் குத்தினார். அவள் குளியலறையில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ராட் அனுப்பிய பணத்தில் சேர்த்து வைத்திருந்த சுமார் 4,000 டாலரை எடுத்துக்கொண்டார்கள். கத்தியைத் தபாலில் விஸ்கான்சினுக்கு அனுப்பினார்கள். அவர்களும் பேருந்தில் கிளம்பினார்கள்.

பல நாள் யாருக்கும் தெரியவில்லை. ஜூன் 14 அன்று தாய், மகள் இருவருக்கும் பொதுவான முகநூல் கணக்கில், டீ டீ செத்துவிட்டதாக ஒரு கொச்சையான பதிவு வந்தது. பதறிப்போன தெரிந்தவர்கள் வீட்டுக்கு ஓடினார்கள். சக்கர நாற்காலி வீட்டிலேயே இருந்தது, ஜிப்ஸி இல்லை. நடக்க முடியாத பெண்ணை யாரோ கடத்திவிட்டார்கள் என்றே எல்லோரும் பயந்தார்கள். காவல்துறை உள்ளே போய் உடலைக் கண்டெடுத்தது. தோழி வந்து இணையக் காதலனைப் பற்றிச் சொன்னாள். பதிவு போடப்பட்ட இடத்தை ஐ.பி. முகவரி காட்டிக்கொடுத்தது. மறுநாள் இருவரும் பிக் பெண்டில் பிடிபட்டார்கள். அந்த முகநூல் பதிவைப் போடவைத்ததே ஜிப்ஸிதான். தாயின் உடலை யாராவது கண்டெடுக்க வேண்டும் என்று நினைத்ததாகச் சொன்னார்.

விசாரணை அறையில் அவர் முதலில் உண்மையைச் சொல்லவில்லை. தாய் இறந்த சேதியையே அப்போதுதான் கேட்பதுபோல் நடந்துகொண்டார். கொஞ்ச நேரத்தில் அது உடைந்தது. தாய் பக்கத்தில் இல்லாமல் ஓர் அதிகாரி அவரிடம் நேருக்கு நேராகக் கேள்வி கேட்டு, பதிலுக்காகக் காத்திருந்தது அங்கேதான். கை விலங்கு போட்ட பிறகு கிடைத்த தனிமை அது.

தண்டனைக் கணக்கு

இருவர் மீதும் தொடக்கத்தில் முதல் நிலைக் கொலைக் குற்றம், அதாவது திட்டமிட்டுக் கொன்ற குற்றம் சாட்டப்பட்டது. மரண தண்டனை கேட்கப்போவதில்லை என்று கிரீன் கவுண்டி அரசு வழக்கறிஞர் டான் பேட்டர்சன் அறிவித்தார். வழக்கு வழக்கத்துக்கு மாறானது என்றார். ஜிப்ஸியின் வழக்கறிஞர் மைக் ஸ்டான்ஃபீல்டு லூசியானாவிலிருந்து மருத்துவ ஆவணங்களைத் திரட்டினார். ஆம், புயலில் அழிந்துபோனதாகச் சொல்லப்பட்ட அதே மாநிலத்து ஆவணங்கள். 2016 ஜூலையில், அதைவிடக் குறைந்த இரண்டாம் நிலைக் கொலைக் குற்றத்தை ஜிப்ஸி ஒப்புக்கொண்டார். 10 ஆண்டுச் சிறை. மிசூரியில் அந்தக் குற்றத்துக்குச் சட்டம் அனுமதிக்கும் மிகக் குறைந்த தண்டனை அது. விசாரணைக் கைதியாக இருந்த ஓராண்டில் அவர் எடை ஆறு கிலோவுக்கு மேல் கூடியிருந்தது. சிறை உணவில், எந்தச் சிறப்பு மருந்தும் இல்லாமல். இந்த வழக்கின் மருத்துவச் சான்றுகளில் எனக்கு மிக முக்கியமானதாகப் படுவது இதுதான்.

கோடிஜானின் கதை வேறு மாதிரி முடிந்தது. 2018 நவம்பரில் அவருடைய விசாரணை நடந்தது. ஆட்டிசம் உள்ளவர், விளைவை எடைபோடும் திறன் குறைவு என்று அவர் தரப்பு வாதிட்டது. ஜிப்ஸி சாட்சி சொல்ல வந்தார். கொலை யோசனை தன்னுடையது, தான்தான் அவரைச் சம்மதிக்க வைத்தேன் என்றார். ஜூரி கோடிஜானை முதல் நிலைக் கொலையில் குற்றவாளி என்றது. 2019 பிப்ரவரியில் பரோல் இல்லாத ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. யோசித்தவருக்குப் பத்து ஆண்டு, குத்தியவருக்கு உயிருள்ளவரை. கத்தியைப் பிடித்தவர் மேல் சட்டம் கடுமையாக இருப்பது புரிகிறது. ஜிப்ஸிக்குக் கிடைத்த சலுகை நியாயமானது என்றும் நினைக்கிறேன். ஆனால் அவருடைய கடந்த காலத்தைக் கணக்கில் எடுத்த அதே நீதி அமைப்பு, கோடிஜானின் மனநிலையைக் கிட்டத்தட்ட கணக்கிலேயே எடுக்கவில்லை என்பது உறுத்துகிறது. அவரைப் பற்றி எழுத ஆட்கள் குறைவு. எழுதப்படாத வாழ்க்கைக்கு இரக்கமும் குறைவாகத்தான் கிடைக்கிறது.

ஜிப்ஸி சில்லிகோத்தி சிறையில் இருந்தார். அம்மாவோடு இருந்ததைவிடச் சிறையில் சுதந்திரமாக உணர்வதாக ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் சொன்னார். தண்டனையில் 85 சதவீதத்தை முடித்து 2023 டிசம்பர் 28 அன்று பரோலில் வெளியே வந்தார். 2024 டிசம்பர் கடைசியில் அவருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது.

வெளியே வந்த சமயத்தில் கொடுத்த பேட்டிகளில் அம்மாவைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அவர் சாகத் தகுதியானவர் இல்லை, அவர் நோயாளி, அது எனக்கு அப்போது புரியவில்லை என்றார். நான் இருந்த இடத்தில், சிறையில், அவர் இருந்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். நானும் அதையே நினைக்கிறேன். டீ டீ கூண்டில் ஏறியிருந்தால், எந்த மருத்துவமனையில் எந்த வார்த்தையைச் சொல்லி எந்த அறுவைக்கு ஒப்புதல் வாங்கினார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டிருப்பார்கள். கையெழுத்துப் போட்ட மருத்துவர்களும் சாட்சி சொல்ல வந்தாக வேண்டியிருந்திருக்கும். ராட் ஒரு பக்கமும் ஸ்பிரிங்ஃபீல்டு அக்கம்பக்கத்தார் மறுபக்கமும் ஒரே நாளில் ஒரே நீதிமன்றத்தில் உட்கார்ந்து, இரண்டு கதைகளையும் சேர்த்துக் கேட்டிருப்பார்கள்.